அம்மாவுக்குச் சீனி வருத்தம், எனக்கும் வருமா?

கேட்டவரின் கேள்வி சுருக்கமாக இது. வயது 36. பிறந்து வளர்ந்தது பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில். பல வருடமாகக் கொழும்பில் ஒரு மொத்தக் கடையில் உட்கார்ந்து கணக்கு எழுதுகிறார். அம்மாவுக்குச் சீனி வருத்தம். அப்பா 52 வயதில் திடீரென்று நெஞ்சுவலி வந்து இறந்துவிட்டார். உயரம் 165 சென்ரிமீற்றர், எடை 66 கிலோ, வயிற்றுச் சுற்றளவு 94 சென்ரிமீற்றர். "நான் குண்டு ஆள் இல்லை, எனக்கு வருமா, எப்படித் தெரிந்துகொள்வது?" என்கிறார். தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் 31 வயதுத் தங்கச்சிக்குப் போன பிரசவத்தில் சீனி இருந்ததாம், பிள்ளை பிறந்ததும் சரியாகிவிட்டது என்றார்களாம். அவரைப் பற்றியும் கேட்டிருக்கிறார்.

தம்பி, சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். உங்களுக்கு ஆபத்து அதிகம். தங்கச்சிக்கும் அப்படித்தான், அவர் பார்க்க மெலிந்தவராக இருந்தாலும். இரண்டு பேரும் இந்த மாதத்துக்குள் ரத்தம் பார்க்க வேண்டும். ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்பதைக் கணக்கோடு காட்டுகிறேன். உங்களைப் போலவே தோட்டத்திலிருந்து வந்து கொழும்பிலும் கண்டியிலும் கடைகளில் நிற்கிற எத்தனையோ பேருக்கு இதே கணக்குப் பொருந்தும். நான் பேசுவது வளர்ந்தவர்களுக்கு வருகிற இரண்டாம் வகை நீரிழிவைப் பற்றி மட்டும். சின்னப் பிள்ளைகளுக்குத் திடீரென்று வருகிற முதலாம் வகை வேறு விஷயம், அதற்கு இந்தக் கணக்கு உதவாது.

ஆபத்தை மதிப்பிட உலகத்தில் பல புள்ளிக் கணக்குகள் இருக்கின்றன. பின்லாந்துக்காரர்கள் 2003இல் வெளியிட்டது பெயர் போனது. நம் உடம்புக்கு நெருக்கமானது சென்னையில் டொக்டர் மோகனின் குழுவினர் 2005இல் வெளியிட்ட இந்திய நீரிழிவு ஆபத்துக் கணக்கு. அதில் நாலே நாலு கேள்விகள், மொத்தம் 100 புள்ளி. வயது 35க்குக் கீழே என்றால் 0, 35 முதல் 49 வரை 20, 50க்கு மேல் 30. வயிற்றுச் சுற்றளவு ஆணுக்கு 90க்குக் கீழே, பெண்ணுக்கு 80க்குக் கீழே என்றால் 0. அதற்கு மேல் 10 சென்ரிமீற்றர் வரை 10 புள்ளி, அதையும் தாண்டினால் 20. உடல் உழைப்பில், கடின வேலையும் ஒழுங்கான உடற்பயிற்சியும் இரண்டும் இருந்தால் 0, ஒன்று மட்டும் இருந்தால் 20, இரண்டுமே இல்லையென்றால் 30. கடைசியாகப் பெற்றோர்: இருவருக்கும் இல்லை என்றால் 0, ஒருவருக்கு இருந்தால் 10, இருவருக்கும் இருந்தால் 20. கூட்டி வருவது 60 அல்லது அதற்கு மேல் என்றால் ஆபத்து அதிகம், 30 முதல் 50 வரை நடுத்தரம், 30க்குக் கீழே குறைவு.

உங்களுக்குப் போடுவோம். வயதுக்கு 20, வயிற்றுக்கு 10, உட்கார்ந்த வேலைக்கு, உடற்பயிற்சியும் இல்லை என்று வைத்துக்கொண்டால், 30, அம்மாவுக்காக 10. மொத்தம் 70. உடற்பயிற்சி தவிர மற்றதெல்லாம் உங்கள் கேள்வியில் நீங்களே எழுதியதை வைத்து வந்தது.

தங்கச்சிக்குப் பாருங்கள். வயது 31, அதனால் 0. கொழுந்துக் கூடையோடு மலை ஏறி இறங்குகிறவர், வயிறு 80க்குக் கீழே என்று வைத்துக்கொண்டால் அதற்கும் 0. கடின வேலை உண்டு, தனியாக உடற்பயிற்சி இல்லை என்பதால் 20. அம்மாவுக்காக 10. மொத்தம் 30. காகிதத்தில் நடுத்தரத்தின் அடிப்படியில் நிற்கிறார். இங்கேதான் கணக்கு ஏமாற்றிவிடுகிறது. கர்ப்பகாலத்தில் சீனி இருந்ததா என்று இந்தக் கணக்கு கேட்பதே இல்லை. அதைக் கேட்டிருந்தால் அவருடைய இடமே மாறியிருக்கும். கர்ப்பத்தில் சீனி வந்த பெண்ணுக்குப் பிற்காலத்தில் நீரிழிவு வரும் ஆபத்து, அப்படி வராத பெண்ணைவிட 7 முதல் 10 மடங்கு என்று பெரிய ஆய்வுகளின் தொகுப்புகள் சொல்கின்றன. "பிள்ளை பிறந்ததும் சரியாகிவிட்டது" என்பது உண்மைதான், அந்த நேரத்துக்கு. உடம்பு ஒரு முறை தன் எல்லையைக் காட்டிவிட்டது.

ஆகவே புள்ளிக் கணக்கை ஒரு தொடக்கமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். சென்னையில் இதைச் சோதித்தபோதே, தனக்கு நீரிழிவு இருப்பது தெரியாமல் இருந்த 100 பேரில் 72 பேரளவில்தான் 60 என்ற கோட்டுக்கு மேல் வந்தார்கள். மற்றவர்கள் குறைந்த புள்ளியோடு வருத்தத்தையும் வைத்துக்கொண்டு நடமாடினார்கள்.

இனி நான் அதிகம் சொல்ல வேண்டிய இடத்துக்கு வருகிறேன். நம் ஆட்களிடம் "குடும்பத்தில் யாருக்காவது சீனி இருக்கிறதா?" என்று கேட்டால் பாதிப் பேர் யோசிக்காமல் "இல்லை" என்கிறார்கள். எத்தனையோ வீடுகளில் அந்த "இல்லை"க்கு "யாரும் பார்க்கவில்லை" என்பதுதான் பொருள். நம் தாத்தா பாட்டி காலத்தில் தோட்டத்து டிஸ்பென்சரியில் காய்ச்சலுக்கும் வயிற்றோட்டத்துக்கும் மருந்து கிடைத்தது, ரத்தத்தில் சீனி பார்க்க யாரும் அழைத்துப் போகவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் பேர், அதாவது அன்றைய சம்பளக் கணக்கு, போய்விடும் என்று வலியோடு மலை ஏறியவர்கள் அவர்கள். தெரியாததை இல்லை என்று எழுதினால் உங்கள் புள்ளி பொய்யாகக் குறையும்.

அதனால் "சீனி இருந்ததா?" என்று கேட்பதை விட்டுவிட்டு வேறு மாதிரிக் கேளுங்கள். தாத்தாவின் கால் விரலை வெட்டினார்களா? காலில் ஆறாத புண்ணோடு யாராவது வருடக் கணக்கில் கிடந்தார்களா? நடுவயதிலேயே பார்வை மங்கிப் போனது யாருக்கு? கிட்னி பழுதாகி இறந்தவர் உண்டா? பாட்டி ஒதுங்குகிற இடத்தில் எறும்பு மொய்த்தது என்று வீட்டில் யாராவது பேசக் கேட்டதுண்டா? அம்மாவுக்கோ பெரியம்மாவுக்கோ வயிற்றிலேயே பிள்ளை இறந்ததா, 4 கிலோவுக்கு மேல் பெரிய பிள்ளையாகப் பிறந்ததா? இவற்றில் ஒவ்வொன்றுக்கும் வேறு காரணமும் இருக்கலாம். ஆனால் இரண்டு மூன்று சேர்ந்து வந்தால், அந்தக் குடும்பத்தில் சீனி இருந்திருக்கிறது என்றே எடுத்துக்கொண்டு கணக்குப் போடுவது நல்லது.

உங்கள் அப்பாவையே எடுங்கள். 52 வயதில் மாரடைப்பு. அவருக்குச் சீனி இருந்தது என்று நான் சொல்ல முடியாது, தெற்காசியர்களுக்குச் சீனி இல்லாமலும் இளவயதில் மாரடைப்பு வருகிறது. ஆனால் அவருக்கு ஒரு முறையாவது ரத்தம் பார்த்தார்களா என்று அம்மாவிடம் கேளுங்கள். பார்க்கவே இல்லை என்றால் உங்கள் புள்ளி 70 இல்லை, 70க்கும் 80க்கும் இடையில் எங்கேயோ இருக்கிறது. அம்மாவுக்கு எந்த வயதில் கண்டுபிடித்தார்கள் என்பதையும் அவருடைய கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் பாருங்கள். பெற்றோருக்கு இளவயதில் வந்திருந்தால் பிள்ளைகளுக்கு ஆபத்து கூடும்.

"குண்டு இல்லை" என்றீர்களே, அதற்கு வருவோம். உங்கள் உயரத்துக்கும் எடைக்கும் உடல் நிறைச் சுட்டெண் (கிலோவில் எடையை மீற்றரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது, பிஎம்ஐ) 24க்குச் சற்று மேலே வருகிறது. ஐரோப்பியக் கணக்கில் 25 வரை நல்லது. நமக்கு அப்படி இல்லை. ஆசிய உடம்புகளுக்கு 23ஐத் தாண்டினாலே ஆபத்து ஏறத் தொடங்குகிறது, 27.5ஐத் தாண்டினால் ஆபத்து அதிகம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர்கள் 2004இலேயே எழுதிவிட்டார்கள். நமக்குக் கை கால் மெலிந்திருக்கும், கொழுப்பு வயிற்றுக்குள்ளே ஈரலையும் குடலையும் சுற்றிச் சேரும். அந்தக் கொழுப்புத்தான் ரத்தச் சீனியைக் குறைக்கும் இன்சுலினை வேலை செய்ய விடாமல் தடுக்கிறது. தராசு அதைக் காட்டாது. டேப் காட்டும்.

வயிற்றை அளக்கும்போது களுசான் சைஸை நம்ப வேண்டாம், நாம் அதைத் தொப்பைக்குக் கீழே கட்டிப் பழகியவர்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை வெளியே விட்ட நிலையில், வெறும் உடம்பில் டேப்பை வையுங்கள். நுவரெலியாக் குளிரில் ஸ்வெட்டருக்கு மேலே அளந்துவிட்டு வருகிறவர்கள் உண்டு, அது கணக்கில் சேராது. வீட்டில் டேப் இல்லையென்றால் ஒரு நூலை உச்சந்தலையிலிருந்து குதிகால் வரை உங்கள் உயரத்துக்கு வெட்டி, அதைச் சரி பாதியாக மடித்து வயிற்றைச் சுற்றிப் பாருங்கள். முனைகள் தொட வேண்டும். உங்கள் உயரத்தில் பாதி 82.5, உங்கள் வயிறு 94. நூல் அரைச் சாண் அளவு எட்டாமல் நிற்கும்.

மெலிந்தவர்களுக்கும் வருவதற்கு இன்னொரு காரணம் பிறக்கும்போதே தொடங்குகிறது. தாய் வயிற்றில் போதிய சத்துக் கிடைக்காமல் இரண்டரைக் கிலோவுக்குக் குறைவாகப் பிறந்த பிள்ளை, வளர்ந்தபின் நன்றாகச் சாப்பிட்டு உட்கார்ந்த வேலைக்குப் போனால் நீரிழிவு வரும் ஆபத்து கூடுதல். இதை 1990களிலிருந்து பல நாடுகளில் பார்த்திருக்கிறார்கள். எடை குறைந்து பிறக்கும் பிள்ளைகள் நம் தோட்டங்களில் நாட்டின் மற்றப் பகுதிகளைவிட அதிகம். குறைந்த எடையோடு லயத்தில் பிறந்து, பசியோடு வளர்ந்து, இருபது வயதில் கொழும்புக் கடையில் கதிரையில் உட்கார்ந்து மூன்று வேளையும் கடைச் சாப்பாடு சாப்பிடுகிற பையனுக்கு ஆபத்து இரண்டு பக்கமிருந்தும் வருகிறது. நாம் போட்ட புள்ளிக் கணக்கு இதைக் கேட்காது. உங்கள் பழைய கிளினிக் அட்டை இருந்தால் பிறந்த எடையைப் பாருங்கள், இல்லையென்றால் அம்மாவிடம் கேளுங்கள்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பிரஷர் இருந்தால் ஆபத்து கூடும். சிகரெட் கூட்டும். தினமும் பாக்குப் போடுகிற பழக்கத்துக்கும் சீனிக்கும் தொடர்பு இருப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. மாதவிலக்கு ஒழுங்கில்லாமல் சினைப்பையில் நீர்க்கட்டி என்று சொல்லப்பட்ட பெண்கள், இழுப்புக்கோ மூட்டு வலிக்கோ நீண்ட காலம் ஸ்டீராய்ட் மருந்து எடுத்தவர்கள், இவர்களும் கவனிக்க வேண்டும். பின்கழுத்தில், அக்குளில், தோல் கறுத்துத் தடித்து வெல்வெட் துணி போல இருக்கிறதா என்று பாருங்கள். அழுக்கு என்று நினைத்துத் தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொள்ளும் பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன். அது அழுக்கு இல்லை, இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளம்.

தேத்தண்ணீரைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஒரு கோப்பைக்கு இரண்டு தேக்கரண்டி, நாளைக்கு ஐந்து கோப்பை என்றால் பத்துத் தேக்கரண்டி, 40 கிராமுக்குக் குறையாத சீனி. ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பிஸ்கட்டையும் பணிஸையும் இன்னும் நான் சேர்க்கவே இல்லை. மூன்று வேளையும் கோதுமை மா ரொட்டியோ வெள்ளைச் சோறோதான் என்றால், அதுவும் வயிற்றில் போய்ச் சீனியாகத்தான் மாறுகிறது. மலை ஏறி இறங்குகிற உடம்பு அதை எரித்துவிடும். கதிரையில் உட்கார்ந்த உடம்புக்கு அந்த வழி இல்லை.

சரி, இப்போது ரத்தப் பரிசோதனை. ஆபத்தை எவ்வளவு கணக்குப் போட்டாலும் பதில் ரத்தத்தில்தான் இருக்கிறது. இலங்கையில் 2018-2019இல் நடந்த நாடளாவிய ஆய்வில் வளர்ந்தவர்களில் 23 வீதமானோருக்கு நீரிழிவு இருந்தது, இன்னும் 30 வீதமானோர் அதற்கு முந்திய படியில் இருந்தார்கள். நாலில் ஒருவருக்கு இருக்கிற ஒன்றைப் பார்க்காமல் இருப்பதற்குக் காரணமே கிடையாது.

முதலில் பார்ப்பது வெறும் வயிற்றுச் சீனி. குறைந்தது 8 மணி நேரம் தண்ணீர் தவிர வேறு எதுவும் வாயில் படக்கூடாது. விடிகாலை பஸ் பிடித்து டிக்கோயா ஆதார வைத்தியசாலைக்கு வருகிற நம் ஆட்கள் பலர், கிளம்பும்போது ஒரு கோப்பைத் தேத்தண்ணீர் குடித்துவிடுகிறார்கள். "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டால் "இல்லை" என்பார்கள், அதுவும் பொய் இல்லை. தேத்தண்ணீரை நாம் சாப்பாட்டில் சேர்ப்பதில்லையே. ஆனால் சீனி போட்ட தேத்தண்ணீர் அந்த எண்ணைக் கெடுத்துவிடும். சீனி போடாததும் வேண்டாம். பரிசோதனை முடிகிற வரை பச்சைத் தண்ணீர் மட்டும். போத்தலில் தேத்தண்ணீரைக் கொண்டுபோய் ரத்தம் கொடுத்த பிறகு குடியுங்கள்.

முடிவு ஒரு டெசிலீற்றருக்கு 100 மில்லிகிராமுக்குக் கீழே என்றால் சரி. 100 முதல் 125 வரை என்றால் நீரிழிவுக்கு முந்திய படி. 126ஐத் தொட்டால் நீரிழிவு, அறிகுறி எதுவும் இல்லையென்றால் இன்னொரு நாள் மறுபடி பார்த்து உறுதி செய்வார்கள். விரலில் குத்திப் பார்க்கும் மெஷின் ஒரு தோராயத்துக்கு நல்லது. அதன் எண்ணை மட்டும் வைத்து இருக்கிறது என்றோ இல்லை என்றோ முடிவு கட்டக் கூடாது, நரம்பில் ரத்தம் எடுத்து ஆய்வுகூடத்தில் பார்க்க வேண்டும்.

தங்கச்சிக்கு வெறும் வயிற்றுச் சோதனை மட்டும் போதாது. கர்ப்பத்தில் செய்ததைப் போல 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் குடிக்க வைத்து 2 மணி நேரம் கழித்துப் பார்க்கும் பரிசோதனை வேண்டும். 140க்குக் கீழே நல்லது, 140 முதல் 199 வரை முந்திய படி, 200 என்றால் நீரிழிவு. பிரசவத்துக்குப் பிறகு 6 வாரத்தில் இதைச் செய்திருக்க வேண்டும். கைப்பிள்ளையோடு காலையில் போய் அரை நாள் காத்திருப்பது அவ்வளவு லேசான காரியமா, அதனால்தான் பலருக்கு அது தவறிப்போகிறது. தவறியிருந்தாலும் இப்போது செய்யலாம். அந்த 2 மணி நேரமும் ஓரிடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும், கடைத்தெருவுக்குப் போய் வந்தால் எண் மாறிவிடும். அதன்பின் 1 முதல் 3 வருடத்துக்கு ஒரு முறை பார்க்கச் சொல்கிறார்கள், நான் வருடம் ஒரு முறை என்பேன். அடுத்த பிள்ளைக்கு யோசிப்பதற்கு முன்னால் கட்டாயம். தாய்ப்பால் கொடுப்பது பிள்ளைக்கு மட்டுமில்லாமல் தாய்க்கும் இந்த ஆபத்தைக் குறைக்கிறது என்பதையும் அவரிடம் சொல்லுங்கள்.

கடந்த 2, 3 மாதத்தின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி என்று ஒரு பரிசோதனை உண்டு. 5.7க்குக் கீழே நல்லது, 6.4 வரை முந்திய படி, 6.5 முதல் நீரிழிவு. வெறும் வயிறு தேவையில்லை என்பதால் தனியார் லாப்களில் இதைத்தான் முதலில் எடுக்கச் சொல்கிறார்கள். உங்களுக்கு அது பரவாயில்லை. தங்கச்சிக்கு இதை மட்டும் நம்ப வேண்டாம். நம் தோட்டத்துப் பெண்களிடம் ரத்தச்சோகை அதிகம். இரும்புச்சத்துக் குறைந்திருந்தால் இந்த எண் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும். ரத்தம் நிறையப் போயிருந்தாலோ, இரும்பு மாத்திரை தொடங்கிய புதிதிலோ, கர்ப்ப காலத்திலோ குறைத்துக் காட்டும். தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோய் உள்ளவர்களிடமும் தவறாக வரும். முதலில் ஹீமோகுளோபினைப் பார்த்துவிட்டு அப்புறம் இதைப் படிக்க வேண்டும்.

காசைப் பற்றி யோசிக்க வேண்டாம். 35 வயதைத் தாண்டியவர்களுக்கு அரசாங்க ஆஸ்பத்திரிகளிலும் சுகாதார வைத்திய அதிகாரி காரியாலயங்களிலும் எச்எல்சி என்று சொல்லப்படும் ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்கள் இருக்கின்றன. எடை, வயிறு, பிரஷர், சீனி எல்லாம் இலவசமாகப் பார்ப்பார்கள். நீங்கள் கொழும்பிலேயே போகலாம். தங்கச்சி 35க்குக் கீழே என்றாலும் கர்ப்பகால அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு குடும்பநல உத்தியோகத்தரிடம் சொன்னால் அவர் வழி காட்டுவார். அந்த அட்டைதான் அவருக்கு உள்ள ஆதாரம், தொலைக்க வேண்டாம்.

முந்திய படி என்று வந்தால் பயப்படாதீர்கள், பின்னுக்குப் போகக்கூடிய இடம் அது. அமெரிக்காவில் 2002இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், உடல் எடையில் 7 வீதத்தைக் குறைத்து வாரத்துக்கு 150 நிமிடம் நடப்பதை இலக்காக வைத்தவர்களிடம் நீரிழிவு வருவது 58 வீதம் குறைந்தது. இந்தியாவில் 2006இல் வெளியான ஆய்வில், எடை பெரிதாகக் குறையாமலேயே, உணவையும் நடையையும் மாற்றியவர்களிடம் 28 வீதம் குறைந்தது. நம்மைப் போன்ற உடம்புகளில் பார்த்தது அது. உங்களுக்கு 7 வீதம் என்றால் நாலரைக் கிலோ. கடைக்கு இரண்டு தரிப்பு முன்னால் பஸ்ஸை விட்டு இறங்கி நடப்பதும், தேத்தண்ணீரில் ஒரு கரண்டியைக் குறைப்பதும் அதற்குப் போதுமான தொடக்கம். ஊருக்குப் போகும்போது கோவா, போஞ்சி, லீக்ஸ் எல்லாவற்றையும் லொறிக்காரனுக்கே ஏற்றிவிடாமல் வீட்டுச் சட்டிக்கும் கொஞ்சம் வைக்கச் சொல்லுங்கள். எண் சரியாக வந்தாலும் உங்கள் புள்ளிக்கு வருடம் ஒரு முறை பாருங்கள்.

ஒரு விஷயம் மட்டும் காத்திருக்க முடியாதது. அடிக்கடி தாகம், இரவில் நாலைந்து தடவை எழும்பிச் சிறுநீர் கழிப்பது, சாப்பிட்டும் எடை இறங்குவது, பார்வை மங்கல், புண் ஆறாமல் இழுப்பது. மலையில் இருப்பவர்கள் இரவில் எழும்புவதைக் குளிர் மேல் போடுவார்கள், களைப்பை வேலை மேல் போடுவார்கள், காலில் அட்டை கடித்தது உறைக்கவில்லை என்றால் அதைப் பெரிதாக எடுப்பதே இல்லை. இவற்றில் எது இருந்தாலும் அது ஆபத்துக் கணக்குப் போடும் நேரம் இல்லை. மாதாந்தக் கிளினிக் நாளுக்குக் காத்திருக்காமல், வெறும் வயிறு என்றும் பார்க்காமல், அன்றைக்கே போய் ரத்தம் கொடுக்க வேண்டும். அறிகுறியோடு எந்த நேரத்தில் எடுத்தாலும் 200 காட்டினால் அதுவே நீரிழிவு. அதோடு வாந்தியும் மூச்சு வாங்குதலும் சேர்ந்தால் ஆட்டோ பிடித்து நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.